பெறுபவரும் கொடுப்பவரே: முதல் மூன்று நூற்றாண்டுக் கிறித்தவ சபைகளில் துன்பத்துணையும் பொதுநிதியும்

ஆய்வுச்சுருக்கம்

உரோமைப் பேரரசின் நகரங்களில் சிறு குழுக்களாக வாழ்ந்த தொடக்ககாலக் கிறித்தவர்கள் வறுமை, நோய், சிறை, சாவு, சிறைபிடிப்பு ஆகிய துன்பங்களில் ஒருவருக்கொருவர் துணைநின்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. பவுலின் திருமுகங்கள், ‘திதாக்கே’, எர்மாவின் ‘மேய்ப்பன்’, தெர்த்துல்லியனின் தற்காப்புரை, சிப்பிரியானின் கடிதங்கள், யுசேபியஸ் தம் வரலாற்று நூலில் காத்துவைத்துள்ள ஆவணங்கள் ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. உதவி பெறுபவரையும் கொடுப்பவராகக் கருதியதே இம்முறையின் தனித்தன்மை என்பதும், பொதுநிதி ஆயரின் பொறுப்பில் குவிந்தபோது அத்தன்மை சோதனைக்கு உள்ளானது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: தொடக்கத் திருச்சபை, பொதுநிதி, கைம்பெண்கள், கொள்ளைநோய், சிப்பிரியான், எர்மா, கார்த்தேஜ்.

முன்னுரை

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் அடுத்தடுத்து இரண்டு செய்திகளைச் சொல்கிறார். இரண்டாம் வசனம், மற்றவர் சுமையை ஒருவர் ஏற்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் வசனம், அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறது. 1871இல் நிறைவுற்ற பவர் ஐயர் குழுவின் தமிழ்த் திருத்தத்தில் இரண்டு இடங்களிலும் ‘பாரம்’ என்ற ஒரே சொல்லே வருவதால், தமிழில் படிப்பவருக்கு இவை ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. முன்னது ‘பாரோஸ்’, அழுத்தி வீழ்த்தும் பளு. பின்னது ‘ஃபோர்தியோன்’, ஒருவருக்கென ஏற்றப்பட்ட சுமை. கப்பலின் சரக்கைக் குறிக்கவும் இச்சொல் வழங்கியது. மத்தேயு நற்செய்தி தாங்கவியலாச் சுமைக்கும் இதே பின்னைய சொல்லை ஆள்வதால் இவ்வேறுபாட்டை அளவுக்கு மீறி வற்புறுத்தலாகாது. ஆயினும், பவுலின் சூழலில் இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதில் ஐயமில்லை. தன் சுமையைச் சுமக்கும் கடமை யாருக்கும் நீங்குவதில்லை. அது பளுவாகி ஒருவரை வீழ்த்தும்போது மற்றவர் தோள் கொடுக்கிறார்.

‘ஒருவருக்கொருவர்’ என்னும் பொருள் தரும் ‘அல்லேலோன்’ என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 100 இடங்களில் பயின்று வருகிறது. இருவரும் ஒரே வினைக்கு எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் நிற்பதை இச்சொல் காட்டும். ஈகையைக் குறிக்கும் சொற்களில் இத்தன்மை இல்லை. ஈவார் ஒருவர், ஏற்பார் இன்னொருவர் என்ற பிரிவு அவற்றில் முன்னரே உறைந்துள்ளது.

கிறித்தவரின் உதவிமுறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் யூலியனின் கடிதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கலிலேயர் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காக்கின்றனரே என்ற அவருடைய ஆற்றாமை பலராலும் எடுத்தாளப்படுவது. அக்கடிதம் உண்மையில் அவருடையதுதானா என்ற கேள்வி அண்மைக்கால ஆய்வில் எழுந்துள்ளது ஒருபுறமிருக்க, அது புறத்தார்க்குச் செய்த உதவியால் நெஞ்சு சுட்ட ஒருவரின் குரல். சபைக்குள் உதவி எவ்வாறு இயங்கியது, அதைப் பெற்றவர் என்ன ஆனார் என்பதை அறிய அதற்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளுக்குச் செல்ல வேண்டும்.

எருசலேம் உதவிநிதி

கி.பி. 50களில் பவுல் கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா ஆகிய பகுதிகளின் சபைகளில் எருசலேமின் ஏழைகளுக்காக ஒரு நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ப வீட்டில் எடுத்துவைக்க வேண்டும் என்பது கொரிந்தியருக்கு அவர் தந்த முறை. பெருஞ்செல்வர் ஒருவரிடம் மொத்தமாகப் பெறுவதைவிட இது கடினமான வழி. பணம் கொண்டுசெல்வோரைச் சபைகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் தம்மீது பழி வந்துவிடக் கூடாது என்றும் அவர் கவலைப்பட்டிருப்பது இரண்டாம் கொரிந்தியர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் வெளிப்படை. பொதுப்பணம் என்றவுடன் ஐயமும் உடன்வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வதிகாரத்தின் மையச் சொல் ‘சமநிலை’. கொரிந்தியர் வறியராகிப் பிறர் செழிக்க வேண்டும் என்று பவுல் கேட்கவில்லை. இன்று கொரிந்துவின் மிகுதி எருசலேமின் குறைவை நிரப்பட்டும். நாளை அவர்களின் மிகுதி இவர்களின் குறைவை நிரப்பும் என்பதே அவர் வாதம். உரோமையருக்கு எழுதும்போது இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். எருசலேமிலிருந்து ஆவிக்குரிய நன்மைகளைப் பெற்ற பிற இனத்தார் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்கிறார். இவ்வாறு கொடுப்பவர் கடனாளியாகவும் பெறுபவர் முன்பே கொடுத்தவராகவும் இடம் மாறுகின்றனர்.

ஆனால், இந்நிதியின் முடிவு தெளிவாக இல்லை. தம் தொண்டு எருசலேமில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று உரோமையர் மன்றாட வேண்டுமெனப் பவுலே கேட்கிறார். பணத்துடன் வருகிறவர் அது ஏற்கப்படுமா என்று அஞ்சுவது வியப்புக்குரியது. திருத்தூதர் பணிகள் நூலின் 21ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேமை அடைகிறார். அங்கே யாக்கோபும் மூப்பர்களும், நேர்ச்சை செய்துகொண்ட நால்வரின் செலவை ஏற்குமாறு அவரிடம் கூறுகின்றனர். கொண்டுவந்த நிதியை அவர்கள் பெற்றுக்கொண்டனரா என்பது பற்றி லூக்கா அவ்விடத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. உதவி பெறுவதும் ஒரு சுமை என்பதற்குக் கிறித்தவ வரலாற்றின் முதற்சான்று இம்மௌனமே எனலாம்.

சங்கமும் சபையும்

அக்கால நகர மக்களுக்குப் பரஸ்பர உதவி புதிதன்று. தொழிலாளரும் அடிமைகளும் விடுவிக்கப்பட்டோரும் சங்கங்களாகத் திரண்டு ஈமச்செலவுக்கு வழிசெய்துகொண்டனர். இத்தாலியின் லனூவியத்தில் கிடைத்துள்ள கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தியானா, அந்தினோவுஸ் ஆகியோரின் வழிபாட்டுச் சங்க விதிகளை விரிவாகத் தருகிறது. சேருவோர் 100 செஸ்டெர்ஸ் பணமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் தர வேண்டும். மாதச் சந்தா ஐந்து செப்புக்காசு. உறுப்பினர் இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டெர்ஸ். அதில் 50 இறுதி ஊர்வலத்தில் வருவோருக்குப் பங்கிடப்படும். தொடர்ந்து ஆறு மாதம் சந்தா செலுத்தாதவர் அவ்வுரிமையை இழப்பார். அடிமையாயிருந்த உறுப்பினரின் உடலை அவருடைய எசமான் தர மறுத்தால் உருவப்பொம்மை செய்து ஈமச்சடங்கு நடத்தப்படும் என்ற விதியைப் படிப்பவர், இச்சங்கங்களை வெறும் குடிக்கூட்டம் என்று எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.

கி.பி. 197ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் எழுதிய தற்காப்புரையின் 39ஆம் அதிகாரம் இத்தகைய சங்கங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. சபையிலும் ஒரு பொதுப்பெட்டி உண்டு. மாதம் ஒரு நாள் காணிக்கை உண்டு. ஆனால் நுழைவுக் கட்டணம் இல்லை, விரும்பியவர் இயன்றதை இடுவர், கட்டாயம் இல்லை. அப்பணம் ஏழைகளை உண்பிக்கவும் அடக்கம் செய்யவும், பெற்றோரற்ற சிறுவர் சிறுமியரையும், மூப்பால் வீட்டோடு கிடக்கும் முதிய அடிமைகளையும், கப்பல் உடைந்து அனைத்தையும் இழந்தவரையும் காக்கவும் செலவாகிறது. விசுவாசத்தின் பொருட்டுச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் இருப்போருக்கும் அதில் பங்குண்டு. தெர்த்துல்லியன் வாதத்திறன் மிக்க எழுத்தாளர்; எதிரியைக் கிண்டல் செய்வதில் இன்பம் காண்பவர். எனவே சங்கங்களின் விருந்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தரும் செலவுப் பட்டியல், அரை நூற்றாண்டுக்கு முன் உரோமையில் ஜஸ்டின் தந்த பட்டியலோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஜஸ்டினும் கைம்பெண்கள், பெற்றோரற்றோர், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோரையே குறிப்பிடுகிறார்.

சங்கத்தில் உரிமை சந்தாவிலிருந்து பிறக்கிறது. சபையில் தேவையிலிருந்து பிறக்கிறது. ஐந்து காசும் இல்லாத கைம்பெண்ணுக்குச் சங்கத்தில் இடமில்லை. இவ்வேறுபாடே சபையை ஏழைகளின் கண்ணில் உயர்த்தியது. கூடவே ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. தாமும் ஐந்து காசு கொடுத்த சங்க உறுப்பினர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். ஒன்றும் கொடாமல் பெறும் கைம்பெண் தன்னை என்னவென்று எண்ணிக்கொள்வாள்?

எல்ம் மரமும் திராட்சைக்கொடியும்

இக்கேள்விக்கு 2ஆம் நூற்றாண்டு உரோமையிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. ‘மேய்ப்பன்’ என்னும் நூலை எழுதிய எர்மா முன்னாள் அடிமை. ரோதா என்ற பெண்ணுக்கு விற்கப்பட்ட செய்தியோடுதான் அவருடைய நூலே தொடங்குகிறது. அதன் இரண்டாம் உவமையில், எல்ம் மரத்தில் படர்ந்த திராட்சைக்கொடியை அவர் காண்கிறார். இத்தாலிய உழவர் திராட்சையை எல்ம் மரத்தில் ஏற்றி வளர்ப்பது அன்றாடக் காட்சி. எல்ம் கனி தராத மரம். கொடியோ தரையில் கிடந்தால் சில கனிகளே தரும், அவையும் அழுகும். மரத்தைப் பற்றி ஏறினால் மிகுதியாகக் காய்க்கும். அக்கனி கொடிக்கு மட்டுமன்று, மரத்துக்கும் உரியது என்கிறார் எர்மா. வறட்சியில் மரம் தன்னிடமுள்ள நீரால் கொடியைக் காக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். செல்வர் மரம், ஏழை கொடி. செல்வரிடம் பொருள் உண்டு, ஆனால் அவருடைய மன்றாட்டு மெலிந்தது. ஏழையின் மன்றாட்டு வலியது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வுவமை உடனே ஓர் ஒப்புமையை நினைவூட்டும். வேறுபாடு சிறிது, ஆனால் பொருள் பொதிந்தது. பாரியின் கதையில் கொழுகொம்பு இன்றித் தளர்ந்த கொடிக்குத் தேர் கிடைக்கிறது. தேருக்கோ தேர் ஈந்தவனுக்கோ முல்லை எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. அதுவே அக்கொடையின் பெருமை. எர்மாவின் மரம் கொடியின்றி மலடு. கொடை அங்கே பெருமைக்கு இடம் தருவதில்லை. மரத்துக்கும் அது தேவையாகிறது.

இவ்வுவமை செல்வத்தை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறது என்ற குறை கூறப்படலாம். எர்மாவில் செல்வரும் வறியரும் என்ற பொருளை 1983இல் தனிநூலாக ஆராய்ந்த கரோலின் ஓசியெக் காட்டியதுபோல், எர்மாவின் அக்கறை முதன்மையாகச் செல்வரை நோக்கியது. வணிக ஈடுபாட்டால் சபையிலிருந்து விலகிச் சென்றவர்களை மீட்பது அதன் நோக்கம். ஏழைகள் அங்கே செல்வரின் மீட்புக்குக் கருவியாகிவிடுகின்றனர் என்பதும் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் வறியர் மன்றாட்டை மட்டுமே கொடுக்கவல்லவர் என்று அக்காலச் சபை எண்ணவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரிஸ்தீதெஸ் எழுதிய தற்காப்புரையில் ஒரு செய்தி உள்ளது. சபையில் ஒருவர் உணவின்றித் தவிக்க, மற்றவரிடமும் மிகுதி இல்லையென்றால், அவர்கள் இரண்டு மூன்று நாள் நோன்பிருந்து அவ்வுணவை அவருக்குத் தருவர். இது செல்வரின் அறம் அன்று. மிகுதி இல்லாதவர் தம் பசியால் கொடுக்கும் கொடை. எர்மாவும் நோன்பு நாளில் மிச்சமாகும் உணவின் விலையைக் கணக்கிட்டு ஏழைக்குத் தரச் சொல்கிறார். உரோமையிலிருந்து 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட கிளமெந்தின் கடிதமோ, தம்மையே அடிமையாக விற்று அவ்விலையால் பிறரை உண்பித்தவர் பலர் தம்மிடையே உண்டு என்கிறது. பொருள் இல்லாதவர் கொடுக்கக்கூடியது தம் உடலே என்ற நிலை அது. பாராட்டோடு படிக்க முடியாத செய்தி.

ஏமாற்றும் எச்சரிக்கையும்

தேவையே உரிமை என்றால் தேவையை யார் உறுதிசெய்வது என்ற கேள்வி எழும். சிரியப் பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘திதாக்கே’ இதில் மிகவும் நடைமுறை அறிவோடு பேசுகிறது. வழிப்போக்கராய் வரும் எவரையும் ஏற்க வேண்டும். ஆனால் அவர் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது. குடியேற விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் உழைத்து உண்ணட்டும். தொழில் தெரியாதவருக்குச் சபை தன் அறிவுக்கேற்ப வழிசெய்யட்டும். இவற்றுக்கு இசையாதவருக்கு அந்நூல் ஒரு புதுச்சொல்லை உருவாக்கியுள்ளது: ‘கிறிஸ்தெம்போரோஸ்’, அதாவது கிறிஸ்துவை வைத்து வணிகம் செய்பவர். இப்படி ஒரு சொல் தேவைப்பட்டதே அத்தகையோர் அடிக்கடி வந்துசென்றனர் என்பதற்குச் சான்று.

அவர்களுள் ஒருவரை 2ஆம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளர் லூசியன் நமக்கு அறிமுகப்படுத்துகிறார். பெரெக்ரீனுஸ் என்பவர் கிறித்தவராகிச் சிறைப்பட்டபோது விடியற்காலையிலேயே முதிய கைம்பெண்களும் பெற்றோரற்ற சிறுவரும் சிறைவாயிலில் காத்திருந்தனராம். சபையின் முதன்மையானோர் காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே அவரோடு தங்கினர். உணவு வந்தது, ஆசியாவின் நகரங்களிலிருந்துகூடச் சபைகளின் பொதுச்செலவில் ஆட்கள் வந்தனர். இவர்களை எந்த எத்தனும் எளிதில் ஏமாற்றிச் செல்வனாகிவிடலாம் என்பது லூசியனின் நகைப்பு. நட்புச் சான்றுகளைவிட இப்பகைச் சான்று ஆய்வாளருக்கு மதிப்புமிக்கது. சிறைவாயிலில் காத்திருந்தவர்கள் கைம்பெண்களும் பெற்றோரற்றோரும் என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுநிதியிலிருந்து வாழ்ந்தவர்களே சிறைப்பட்டவருக்குப் பணிசெய்யச் சென்றிருக்கின்றனர்.

கைம்பெண்கள் பெறுபவராக மட்டும் இருந்ததில்லை என்பதற்குத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகமும் சான்று. அறுபது வயதுக்குக் குறையாதவராக இருத்தல், விருந்தோம்பியிருத்தல், துன்புற்றோருக்கு உதவியிருத்தல் ஆகிய தகுதிகளோடுதான் கைம்பெண்ணின் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. பெறுவதற்கு முன் கொடுத்தவரா என்று பார்க்கும் இவ்விதி, இளம் கைம்பெண்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அவர்கள் மறுமணம் செய்துகொள்ளட்டும் என்பதே விடை. உறவினர் உள்ளவரை உறவினரே காக்கட்டும். சபையின் சுமை கூடக் கூடாது என்பதும் அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது.

தொழிலை இழந்தவருக்கும் சபை பொறுப்பேற்றது. நாடக நடிகராயிருந்து கிறித்தவரான ஒருவர், தாம் நடிப்பதை விட்டாலும் பிறருக்கு அக்கலையைக் கற்பித்துப் பிழைத்துவந்தார். இது தகுமா என ஓர் ஆயர் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானிடம் கேட்டார். தகாது என்பது விடை. ஆனால் அவர் வறுமையைக் காரணமாகச் சொன்னால் சபையே அவரை உண்பிக்க வேண்டும் என்றும், அவ்வூர்ச் சபைக்கு இயலாவிடில் அவர் கார்த்தேஜுக்கு வந்து உணவும் உடையும் பெறலாம் என்றும் சிப்பிரியான் எழுதினார். உணவு எளியதாகவே இருக்கும். பாவத்தை விட்டதற்குக் கூலியாக அதை அவர் எண்ணிவிடக் கூடாது என்ற கண்டிப்பும் கடிதத்தில் உண்டு. ஒருவர் பிழைப்பைத் தடுப்பவர் அவருடைய உணவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நேர்மை இதில் உள்ளது. அந்நடிகர் என்ன முடிவெடுத்தார் என்பது கடிதத்தில் இல்லை.

கார்த்தேஜ்: நிதியும் அதிகாரமும்

3ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரச் சபைகள் பெருகின. கி.பி. 251இல் உரோமை ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோக்கியாவுக்கு எழுதிய கடிதம் யுசேபியஸ் வழியே நமக்குக் கிடைத்துள்ளது. உரோமைச் சபையில் 46 மூப்பர், 7 திருத்தொண்டர், 7 துணைத்திருத்தொண்டர், 42 பீடத்துணைவர், 52 பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் ஆகியோரும், 1500க்கு மேற்பட்ட கைம்பெண்களும் நலிந்தோரும் இருந்தனர் என்கிறது அக்கடிதம். இவ்வளவு பேரை ஒரு சிறு குழுவின் பழகிய முகங்களாக யாரும் அறிந்திருக்க முடியாது. பட்டியல் வேண்டும்; கணக்கு வேண்டும்; பகிர்வோர் வேண்டும். இவை யாவும் ஆயரின் பொறுப்பில் இருந்தன.

அப்பொறுப்பு அதிகாரமாக மாறிய தருணம் கார்த்தேஜில் தெளிவாகத் தெரிகிறது. சிப்பிரியான் செல்வர், திருமுழுக்கை ஒட்டித் தம் உடைமைகளை ஏழைகளுக்காக விற்றவர். கி.பி. 250இல் பேரரசர் டேசியஸ் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணையிட்டபோது அவர் தலைமறைவானார். மறைவிடத்திலிருந்து எழுதிய கடிதங்களில் கைம்பெண்கள், நோயாளர், அயலார் ஆகியோரைக் கைவிடாதீர் எனத் தம் மூப்பர்களைத் திரும்பத்திரும்ப வேண்டுகிறார். தம் சொந்தப் பங்கிலிருந்தும் பணம் அனுப்புகிறார். இவ்வக்கறையின் உண்மையை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அக்கடிதங்களில் ஒரு புதிய அடைமொழியும் நுழைகிறது: விசுவாசத்தில் உறுதியாய் நின்ற ஏழைகள். ஆணைக்கு அஞ்சிப் பலியிட்டவர் பலர்; அவர்களுள் ஏழைகளும் இருந்திருப்பர். தேவை மட்டுமே அளவுகோலாயிருந்த இடத்தில் நிலைத்து நின்றமையும் ஓர் அளவுகோலாகிறது.

கி.பி. 251இன் தொடக்கத்தில் சிப்பிரியான் இரு ஆயர்களையும் இரு மூப்பர்களையும் தம் சார்பில் நியமித்து, ஏழைகளின் தேவைகளை நிறைவேற்றவும், தொழில் தொடங்க விரும்புவோருக்கு முதல் கொடுத்து உதவவும் பணித்தார். கூடவே, அவர்களின் வயது, நிலை, தகுதி ஆகியவற்றைக் குறித்துவைக்கவும் சொன்னார். தகுதியுடையோரைச் சபைப் பணிகளுக்கு உயர்த்துவது நோக்கம் எனக் காரணமும் காட்டினார். சிப்பிரியானை எதிர்த்த மூப்பர்களோடு நின்ற ஃபெலிச்சிசிமுஸ் இதைத் தடுத்தார். ஆயர் தரப்பிலிருந்து உதவி பெறுபவருக்குத் தம்மோடு சபையுறவு இல்லை என்று அவர் மிரட்டியதாகச் சிப்பிரியானின் 41ஆம் கடிதம் கூறுகிறது. எதிர்த்தரப்பின் எழுத்து எதுவும் எஞ்சாததால் ஒருபக்கக் கூற்றே நம்மிடம் உண்டு. அதிலிருந்தே இரு தரப்பும் ஏழைகளின் பட்டியலை ஆதரவாளர் பட்டியலாகக் கண்டன என்பது விளங்கும். இப்பூசலில் சிக்கிய ஏழைக்கு, பணத்தைப் பெற்றால் ஒரு தரப்பின் பந்தி போய்விடும். மறுத்தால் அன்றைய உணவு போய்விடும். எர்மாவின் கொடி எந்த மரத்தில் படர்வது என்று கேட்கப்படும் நிலை இது. அக்கொடியின் கனியைப் பற்றி இக்கடிதத்தில் பேச்சே இல்லை.

கொள்ளைநோய்க் காலம்

அடுத்த ஆண்டே கார்த்தேஜைக் கொள்ளைநோய் தாக்கியது. பின்னாளில் சிப்பிரியானின் பெயராலேயே வழங்கப்பட்ட அந்நோய் பேரரசு முழுவதும் பல ஆண்டுகள் பரவியிருந்தது. சிப்பிரியானின் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் பொந்தியுஸ், அவர் மக்களைத் திரட்டி, தம்மவருக்கு மட்டும் உதவுவது பெரிதன்று எனப் பேசியதைக் குறிப்பிடுகிறார். பின்னர் அவரவர் நிலைக்கேற்பப் பணிகள் பிரித்தளிக்கப்பட்டன. வறுமையால் பொருள் தர இயலாத பலர் பொருளினும் அரிய தம் உழைப்பைத் தந்தனர் என்பது பொந்தியுஸின் பதிவு. ஓராண்டுக்கு முன் பட்டியலில் வயதும் தகுதியும் குறிக்கப்பட்டவர்கள் இவர்களே. நோயாளியைத் தூக்கவும் பிணத்தைச் சுமக்கவும் பணம் போதாது, கைகள் வேண்டும் என்ற நிலை வந்தவுடன், பெறுவோர் வரிசையில் நின்றவர் கொடுப்போர் வரிசைக்கு மாறினர்.

அலெக்சாந்திரியாவின் நிலையை அதன் ஆயர் தியோனீசியஸ் கி.பி. 260ஐ ஒட்டி எழுதிய உயிர்ப்பு விழாக் கடிதம் காட்டுகிறது. கிறித்தவர் நோயாளரை அஞ்சாது பேணினர். மூப்பரும் திருத்தொண்டரும் மற்றவரும் அவர்களோடு மாண்டனர். இறந்தோரின் கண்களையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, நீராட்டி, உடுத்தி அடக்கம் செய்தவர்கள் சிலநாளில் அதே பணிகளைப் பிறரிடமிருந்து தாம் பெற்றனர் என்று அவர் எழுதுகிறார். ‘ஒருவருக்கொருவர்’ என்ற சொல்லுக்கு இதனினும் கொடிய விளக்கம் இல்லை. மறுபுறம், பிற சமயத்தார் நோய் தொடங்கியவுடன் உறவினரைத் தெருவில் எறிந்தனர் என்ற அவருடைய கூற்றைச் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இது சபையை ஊக்குவிக்க எழுதப்பட்ட விழாக் கடிதம். நீரும் உணவும் கொடுத்து அருகில் இருக்கும் எளிய பேணுதலே பலரைப் பிழைக்கவைத்திருக்கும், அதனால் கிறித்தவர் தொகை பெருகியது என்று சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் 1996இல் வாதிட்டார். மருத்துவ நோக்கில் முதற்பகுதி ஏற்கத்தக்கது. தொகை பற்றிய அவருடைய கணக்குகள் சான்றுகளிலிருந்து எழுந்தவை அல்ல; கருதுகோள்களிலிருந்து எழுந்தவை.

ஒரு இலட்சம் செஸ்டெர்ஸ்

கி.பி. 253ஐ ஒட்டி நுமிதியாவில் எல்லைப்புறக் குழுக்கள் கிறித்தவர் பலரைச் சிறைபிடித்துச் சென்றன. எட்டு ஆயர்கள் கார்த்தேஜிடம் உதவி கேட்டனர். சிப்பிரியான் 1,00,000 செஸ்டெர்ஸ் திரட்டி அனுப்பினார். லனூவியத்துச் சங்கத்தின் கணக்கில் இது 300க்கும் மேற்பட்ட உறுப்பினரின் ஈமச்செலவுக்கு ஈடு.

இத்தொகையின் மறுபக்கத்தையும் இங்குச் சுட்ட வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இஞ்ஞாசியார், அடிமைகள் பொதுநிதியால் விடுதலை பெற ஆசைப்படலாகாது எனப் பொலிக்கார்ப்புக்கு எழுதியிருந்தார். எல்லைக்கப்பால் பிடிபட்டவரின் அடிமைநிலை அவசரமாக மீட்கப்பட வேண்டியது. சபைக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்கு அடிமையாயிருப்பது அந்த அவசரத்தைப் பெறவில்லை. தெர்த்துல்லியன் குறிப்பிட்ட முதிய அடிமைகளுக்கும் சோறு கிடைத்தது. விடுதலை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

நுமிதிய ஆயர்களுக்கான கடிதத்தில் சிப்பிரியான் கார்த்தேஜை நன்கொடையாளராகப் பேசவைக்கவில்லை. தம்மிடம் கேட்டதற்காக அவ்வாயர்களுக்கே நன்றி கூறுகிறார். நற்பணியில் பங்கு தந்தீர்கள், விதைக்க வயல் தந்தீர்கள் என்ற போக்கில் அவர் எழுத்து அமைகிறது. சிறைப்பட்டவரைத் தம் பிள்ளைகளாகவும் மனைவியராகவும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். இத்தகைய துன்பம் இனி நேரக்கூடாது. நேர்ந்தால் உடனே எழுதத் தயங்க வேண்டாம் எனவும் வேண்டுகிறார். இறுதியாக, பணம் தந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி இணைத்துள்ளதாகவும், மீட்கப்படுவோரும் அவர்களின் ஆயர்களும் அப்பெயர்களைத் தம் மன்றாட்டில் நினைக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறார். கார்த்தேஜ் ஏழைகளின் பெயர்கள் ஆயரிடம் போன காலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கொடுத்தவரின் பெயர்கள் பெறுபவரிடம் போகின்றன. கடிதமும், அதைப் பெற்ற எட்டு ஆயர்களின் பெயர்களும் கையெழுத்துப் படிகளில் நின்று நம்மை வந்தடைந்துள்ளன. கொடுத்தவர்களின் பட்டியல் கடிதத்தோடு வரவில்லை.